திருநாள் கொண்டாடுவது வேதத்திற்கு அடுக்குமோ?



ஆகமன காலத்து முதல் ஞாயிறன்று இரண்டாம் பூசை முடிந்து, பூசை உடுப்புகளைக் கழற்றி வைத்துக்கொண்டிருந்தேன். நம் பங்கைச் சேர்ந்த ஒரு தாய் வந்து கதவோரம் நின்றாள். கையில் நாலாக மடித்த ஒரு துண்டுப் பிரசுரம். மூத்த மகன் கொடுத்ததாம். "இந்த வருஷம் வீட்டில் நட்சத்திரம் கட்டக்கூடாது, குடில் வைக்கக்கூடாது என்கிறான், சாமி. நடுச்சாமப் பூசைக்கும் வரமாட்டானாம். ஏன்டா என்றால், கிறிஸ்மஸ் வேதத்தில் எங்கேம்மா இருக்கிறது, காட்டு என்கிறான். நான் எங்கே காட்டுவேன்?" என்றாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? பிரசுரத்தின் தலைப்பை மட்டும் பார்த்தேன். "இதையெல்லாம் அடுப்பில் போடுங்கள் அம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். வெளியே ஒரு ஞானஸ்நானம் காத்திருந்தது என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். மாலையில் ஜெபமாலை சொல்லும்போதுதான் மனச்சாட்சி இடித்தது. அப்பம் கேட்டு வந்தவளுக்குக் கல்லைக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன்! குருமடத்தில் எங்களுக்கு வேதசாஸ்திரம் கற்பித்த குருவானவர், எதிராளியின் நியாயத்தை அவனே "ஆம், இதுதான் நான் சொல்வது" என்று ஒப்பும்படி எடுத்துச் சொல்லாதவன், அதற்கு மறுமொழி சொல்லத் தகுதியற்றவன் என்பார். பட்டம் பெற்று ஏறக்குறைய இருபது வருஷத்தில் அந்தப் பாடம் எனக்கு மறந்துபோயிற்று.

செவ்வாய்க்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனேன். பிள்ளை மரியாதையாகவே எழுந்து நின்று, திண்ணையில் பாய் விரித்தான். நோட்டுப் புத்தகத்தில் கேள்விகளை வரிசையாக எழுதி வைத்திருந்தான். அங்கே பேசியதையும், வீடு திரும்பிப் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்ததையும், அவர்கள் இருவருடைய சம்மதத்தோடு இங்கே எழுதுகிறேன். ஏனெனில் இதே பிரசுரம் வேறு பல வீடுகளிலும் அரிசிப் பானைக்கு அடியில் கிடக்கிறது என்று கேள்விப்படுகிறேன். வேதாகமத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

முதலில் ஒப்புக்கொள்ள வேண்டியதை ஒப்புக்கொள்வோம். நம் ஆண்டவர் டிசம்பர் 25-ந் தேதி பிறந்தார் என்று நான்கு சுவிசேஷங்களில் எதிலும் எழுதப்படவில்லை. மாதமும் இல்லை, தேதியும் இல்லை. திருச்சபை அதை விசுவாச சத்தியமாக ஒருகாலும் போதித்ததில்லை. அலெக்சாந்திரியா பட்டணத்துக் கிளெமெந்து என்னும் சாஸ்திரி ஏறக்குறைய 200-ம் வருஷத்தில் எழுதும்போது, சிலர் மே மாதம் 20-ந் தேதி என்றும், வேறு சிலர் ஏப்ரல் மாதம் என்றும் கணக்கிடுவதைக் குறிப்பிட்டு, இது வேண்டாத ஆராய்ச்சி என்பதுபோல் பேசுகிறார். அந்தியோக்கியாவில் பொன்வாய் அருளப்பர் என்னும் அர்ச். கிறிசோஸ்தோம் 386-ம் வருஷம் இந்தத் திருநாளன்று பிரசங்கம் செய்தபோது, இந்த ஊரில் இது தெரியவந்து இன்னும் பத்து வருஷம் ஆகவில்லை என்று ஒளிக்காமல் சொன்னார். ஆர்மீனியச் சபையார் இன்றும் கர்த்தர் பிறப்பை ஜனவரி 6-ந் தேதியே கொண்டாடுகிறார்கள். ஆகவே பிரசுரம் எழுதியவர் தேதி வேதத்தில் இல்லை என்று கண்டுபிடித்தாரானால், திருச்சபைப் பிதாக்கள் 1600 வருஷத்துக்கு முன்பே அறிந்திருந்ததைத்தான் கண்டுபிடித்தார்.

"சூரிய தேவனுடைய திருநாளைத் திருடி அதற்குக் கிறிஸ்துவின் பெயர் சூட்டினார்கள்" என்று பிரசுரம் கூறுகிறது. இதைச் சற்று நின்று பார்ப்போம். அவுரேலியான் சக்கரவர்த்தி 274-ம் வருஷம் ரோமாபுரியில் சூரியனுக்குக் கோவில் கட்டியது உண்மை. ஆனால் டிசம்பர் 25 சூரியனுடைய பிறந்த நாள் என்று குறிப்பிடும் பழைய ஆதாரம் எது? 354-ம் வருஷத்தில் ரோமாபுரியில் தொகுக்கப்பட்ட ஒரு பஞ்சாங்க ஏடு. அதே நாளில் கிறிஸ்து யூதேயா நாட்டுப் பெத்லகேமில் பிறந்தார் என்று எழுதும் பழைய ஆதாரம் எது? அதே ஏடுதான்! கிறிஸ்தவக் குறிப்பு அடங்கிய பட்டியலோ 336-ம் வருஷத்தளவில் எழுதப்பட்டது என்று அறிஞர் கணிக்கிறார்கள். அப்படியிருக்க, யார் யாரிடமிருந்து எடுத்தார்கள் என்று அடித்துச் சொல்ல இடமில்லை. வேறொரு காரணமும் உண்டு. ஆண்டவர் பாடுபட்டது மார்ச் 25-ந் தேதி என்ற கணக்கு லத்தீன் சபையில் பழமையானது. அவர் தேவமாதாவின் திருவயிற்றில் மனிதாவதாரமானதும் அதே தேதியில்தான் என்று நம்பினார்கள். அர்ச். அகுஸ்தீன் திரித்துவத்தைப் பற்றிய தம் நூலில் இதை எழுதியிருக்கிறார். மார்ச் 25-லிருந்து ஒன்பது மாதம் எண்ணிப் பாருங்கள். எந்தத் தேதி வருகிறது?

சூரியத் திருநாளுக்குப் பதிலாகவே அமைத்தார்கள் என்று வைத்துக்கொண்டாலும் என்ன குற்றம்? 440 முதல் 461 வரை பாப்பானவராயிருந்த பெரிய அர்ச். சிங்கராயர், ஒரு கிறிஸ்து பிறந்த திருநாளில் தம் ஜனங்களைக் கண்டித்துப் பேசியது நம்மிடம் உண்டு. இராயப்பர் கோவில் படியேறி வரும் கிறிஸ்தவர்கள் சிலர், வாசலுக்குள் நுழையுமுன் திரும்பி நின்று உதிக்கிற சூரியனுக்குத் தலைவணங்கினார்களாம். அது அவருடைய மனதை எவ்வளவு புண்படுத்திற்று என்று அந்தப் பிரசங்கத்தை வாசிப்பவர் காணலாம். சூரிய வணக்கத்தைத் திருநாளுக்குள் கடத்திக்கொண்டு வந்தவர்கள் இப்படியா கண்டிப்பார்கள்?

பாஸ்காத் திருநாளையும் பிரசுரம் விடவில்லை. அதன் ஆங்கிலப் பெயர் ஒரு பெண் தெய்வத்தின் பெயராம். எட்டாம் நூற்றாண்டில் பேதா என்னும் ஆங்கிலேயத் துறவி அப்படி எழுதியிருப்பது மெய்தான். ஆனால் நாம் என்ன ஆங்கிலத்திலா ஞானஸ்நானம் பெற்றோம்? நம் முன்னோர் வழங்கிய பாஸ்கா, பாஸ்கு என்ற சொற்கள், எபிரேயர் எஜிப்தை விட்டுப் புறப்பட்ட இரவின் பெயரிலிருந்து கிரேக்கு, லத்தீன், போர்த்துக்கேய பாஷைகளின் வழியாக நம்மிடம் வந்தவை. யாழ்ப்பாணத்தார் கிறிஸ்மஸை நத்தார் என்கிறார்கள். அது பிறப்பு என்று பொருள்படும் போர்த்துக்கேயச் சொல். பிரசுரத்தை ஆங்கிலத்திலிருந்து பெயர்த்தவர் இதையும் சற்று யோசித்திருக்கலாம்.

மேய்ப்பர்கள் குளிர்காலத்தில் வயலில் தங்கார் என்பதற்கு நான் அதிகம் சொல்லப் போவதில்லை. மாதத்தையே லூக்காஸ் சொல்லாதபோது அதைப் பற்றிச் சண்டை எதற்கு? எரேமியாஸ் ஆகமம் 10-ம் அதிகாரத்தில் மரத்தை வெட்டி வெள்ளி பொன்னால் அலங்கரிப்பது கண்டிக்கப்படுகிறதே என்றால், அந்த அதிகாரத்தை ஐந்தாம் வசனம்வரை வாசியுங்கள். அங்கே சொல்லப்படுவது தச்சன் செதுக்கிய விக்கிரகம். மரமும் நட்சத்திரமும் கேக்கும் திருச்சபையின் கட்டளைகள் அல்ல. வைக்க மனதில்லாதவன் வைக்க வேண்டாம். அதனால் அவன் கத்தோலிக்கன் அல்லாமற் போவதில்லை. இதைக் கேட்டதும் அந்தப் பிள்ளை தாயைத் திரும்பிப் பார்த்தான். தாயோ என்னை முறைத்துப் பார்த்தாள்!

இப்போது கனமான கேள்விக்கு வருவோம். சர்வேசுரன் கட்டளையிடாத ஒரு திருநாளை மனிதர் ஏற்படுத்தலாமா? உபாகமம் 12-ம் அதிகாரம் தேவ கட்டளையோடு ஒன்றையும் கூட்டாதே, குறைக்காதே என்கிறதே? இங்கேதான் நான் அவனுடைய நோட்டுப் புத்தகத்தை மூடி வைக்கச் சொல்லி, அருளப்பர் சுவிசேஷம் 10-ம் அதிகாரம் 22-ம் வசனத்தை வாசிக்கச் சொன்னேன். எருசலேமில் தேவாலய அபிஷேகத் திருநாள் நடந்தது, அது குளிர்காலம், சேசுநாதர் தேவாலயத்தில் சாலமோன் மண்டபத்தில் உலாவிக்கொண்டிருந்தார் என்று அங்கே எழுதியிருக்கிறது. இந்தத் திருநாள் எது? மோயீசனுடைய ஐந்து ஆகமங்களையும் தலைகீழாகத் தேடினாலும் அகப்படாது. கிரேக்க அரசனான அந்தியோக்கு தேவாலயத்தைத் தீட்டுப்படுத்தினான்; யூதா மக்கபேயும் அவன் சகோதரரும் போராடி அதை மீட்டார்கள். கிறிஸ்துவுக்கு முன் 164-ம் வருஷம், கஸ்லே மாதம் 25-ந் தேதி, புதுப் பீடத்தில் பலி செலுத்தினார்கள். (அந்த 25-ஐயும் நம் 25-ஐயும் முடிச்சுப் போடவேண்டாம், நான் போடவில்லை.) அதன்பின் யூதாவும் அவன் சகோதரரும் இஸ்ராயேல் சபை முழுவதும் கூடி, வருஷந்தோறும் எட்டு நாள் இதைச் சந்தோஷமாய்க் கொண்டாடவேண்டும் என்று தீர்மானித்தார்கள். மக்கபேயர் முதலாம் ஆகமம் 4-ம் அதிகாரம் 59-ம் வசனத்தில் இதைக் காணலாம். வானத்திலிருந்து சத்தம் வந்து கட்டளையிட்டதாக அங்கே இல்லை. சபை கூடி ஏற்படுத்திற்று. அவ்வளவுதான்.

ஏறக்குறைய இருநூறு வருஷம் கழித்து, அந்தத் திருநாளன்று தேவசுதன் அதே தேவாலயத்தில் உலாவுகிறார். அங்கே நின்றது மட்டும் ஒப்புதல் ஆகுமா என்று பிள்ளை கேட்டான். நல்ல கேள்வி. அதே தேவாலயத்தில் காசுக்காரரின் பலகைகளைக் கவிழ்த்தவர் அவர். தம் பிதாவின் வீட்டில் தகாததைக் கண்டால் பேசாதிருப்பவர் அல்ல. இந்தத் திருநாளைப் பற்றி ஒரு கண்டனச் சொல்லும் அவர் வாயிலிருந்து வரவில்லை. வந்தது வேறு: பிதாவானவர் தம்மை அர்ச்சித்து உலகத்திற்கு அனுப்பினார் என்று அதே அதிகாரம் 36-ம் வசனத்தில் சொல்லுகிறார். பீடம் அர்ச்சிக்கப்பட்ட ஞாபகம் கொண்டாடும் நாளில் நின்றுகொண்டு, அர்ச்சிக்கப்பட்டவர் நானே என்கிறார். மனிதர் ஏற்படுத்திய திருநாளை அவர் தம்மைப் பற்றிப் பேசும் மேடையாக்கினார் என்பேன்.

எஸ்தேர் ஆகமம் 9-ம் அதிகாரமும் இப்படியே. யூதர் சங்காரத்துக்குத் தப்பிய நாட்களை வருஷந்தோறும் ஆசரிக்கும்படி மர்தோக்கே கடிதம் எழுதினான். ஒருவருக்கொருவர் பண்டம் அனுப்பவும், ஏழைகளுக்குத் தானம் கொடுக்கவும் ஏற்பாடு செய்தான். அதுவும் மோயீசன் கட்டளை அல்ல. உபாகமத்தின் வார்த்தைகளை அறியாதவர்களா இவர்கள்? அங்கே விலக்கப்பட்டது, புறஜாதியார் தம் தேவர்களுக்குச் செய்தவற்றை, பிள்ளைகளைச் சுட்டெரிப்பது உட்பட, சர்வேசுரனுக்குச் செய்வது. சர்வேசுரன் செய்த உபகாரத்தை நன்றியறிந்து நினைப்பது அங்கே விலக்கப்படவில்லை.

பிறந்த நாள் கொண்டாடியவர்கள் வேதத்தில் பரவோனும் ஏரோதும்தான். ஒருவன் அப்பம் சுடுகிறவனைத் தூக்கிலிட்டான், மற்றவன் ஸ்நாபக அருளப்பரின் தலையை வெட்டினான் என்று பிரசுரம் கூறுகிறது. மூன்றாம் நூற்றாண்டில் ஒரிஜேனும் இதைச் சொன்னதுண்டு. நான் ஒளிக்கவில்லை. திருச்சபையும் இதை ஒருவிதத்தில் மனதில் வைத்திருக்கிறது. அர்ச்சியசிஷ்டவர்களுக்கு நாம் கொண்டாடுவது பெரும்பாலும் அவர்கள் மரித்த நாள். அதையே அவர்களுடைய மோட்சப் பிறந்த நாள் என்கிறோம். உலகத்தில் பிறந்த நாளைக் கொண்டாடுவது ஆண்டவருக்கும், செப்டம்பர் 8-ந் தேதி தேவமாதாவுக்கும், ஜூன் 24-ந் தேதி ஸ்நாபக அருளப்பருக்கும் மாத்திரமே. ஏன் ஸ்நாபகருக்கு? லூக்காஸ் 1-ம் அதிகாரம் 14-ம் வசனத்தைப் பாருங்கள். அவருடைய பிறப்பினால் அநேகர் சந்தோஷப்படுவார்கள் என்று சம்மனசானவர் சக்கரியாசிடம் முன்னறிவிக்கிறார். முன்னோடியின் பிறப்புக்கே அப்படியானால், ஆண்டவருடைய பிறப்புக்கு? 2-ம் அதிகாரத்தில், சகல ஜனங்களுக்கும் உண்டாகும் மகா சந்தோஷம் என்று சம்மனசே அறிவிக்கிறார். மேய்ப்பர்கள் எழுந்து போய்ப் பார்த்து, சர்வேசுரனைத் துதித்துக்கொண்டு திரும்புகிறார்கள். சந்தோஷப்பட வேண்டிய தேதி வேதத்தில் இல்லை; சந்தோஷம் இருக்கிறது.

சின்னப்பருடைய வசனங்களைப் பலர் எடுத்துக் காட்டுகிறார்கள். நாட்களையும் மாதங்களையும் காலங்களையும் அனுசரிக்கிறீர்களே என்று அவர் கலாத்தியரைக் கடிந்துகொண்டது 4-ம் அதிகாரத்தில் உண்டு. ஆனால் யாரைக் கடிந்துகொண்டார், எதற்காக? விருத்தசேதனமும் யூத முறைமையும் இல்லாவிட்டால் இரட்சணியமில்லை என்று போதித்தவர்களுக்குச் செவிகொடுத்ததற்காக. அதே சின்னப்பர் பெந்தெகொஸ்தே நாளுக்கு எருசலேம் சேரத் துடித்துப் பிரயாணம் செய்கிறார் (நடபடி 20-ம் அதிகாரம்). கிறிஸ்துவே நம் பாஸ்குப் பலி, ஆகையால் திருநாளை ஆசரிப்போம் என்ற கருத்தில் கொரிந்தியருக்கு எழுதுகிறார் (முதல் நிருபம் 5-ம் அதிகாரம்). ரோமருக்கு எழுதுகையில், நாளை விசேஷமாய் எண்ணுகிறவன் கர்த்தருக்காகவே எண்ணுகிறான் என்று சொல்லி, ஒருவரையொருவர் தீர்ப்பிட வேண்டாம் என்கிறார். கொலோசியருக்கும் அதுவே: திருநாள் காரியத்தில் உங்களை யாரும் தீர்ப்பிட விடாதீர்கள். இந்த வசனம் இரு பக்கமும் வெட்டும் கத்தி. கொண்டாடுகிறவனைத் தீர்ப்பிடவும் இதில் இடமில்லை, தயங்குகிறவனை அடுப்பில் போடவும் இடமில்லை. அடுப்பு என் சொல், அதற்காகத்தான் சொல்லுகிறேன்.

மேலும், கட்டளையாய் எழுதப்பட்டது மட்டுமே செல்லும் என்றால் ஞாயிற்றுக்கிழமை என்னாவது? பிரசுரம் கொடுத்த சபையாரும் ஞாயிறன்றுதான் கூடுகிறார்கள். அப்போஸ்தலர் வாரத்தின் முதல் நாளில் அப்பம் பிட்கக் கூடினார்கள் என்றும், அருளப்பர் கர்த்தருடைய நாளில் காட்சி கண்டார் என்றும் வேதத்தில் காண்கிறோம். வழக்கம் இருக்கிறது, ஓய்வு நாளை மாற்று என்ற கட்டளை வாக்கியம் இல்லை. வாயினாலாவது நிருபத்தினாலாவது கற்றுக்கொண்ட பாரம்பரியங்களைக் கைக்கொள்ளுங்கள் என்று தெசலோனிக்கேயருக்கு எழுதியவரும் சின்னப்பரே. 1965-ம் வருஷம் வத்திக்கான் பொதுச்சங்கம் வேதாகமமும் பாரம்பரியமும் ஒரே தேவ ஊற்றிலிருந்து புறப்படுகின்றன என்று போதித்ததும் இந்தப் பழைய விசுவாசத்தைத்தான். அதே சங்கம் 1963-ல் ஞாயிறே ஆதித் திருநாள், மற்றவை அதை மறைக்கலாகாது என்றும் சொல்லிற்று. 1969-ல் ஆறாம் சின்னப்பர் பாப்பானவர் திருநாள் அட்டவணையைத் திருத்தினபோது, சரித்திர ஆதாரம் போதாத சில திருநாட்கள் பொது அட்டவணையிலிருந்து எடுக்கப்பட்டன. திருநாட்களை ஏற்படுத்தும் அதிகாரம் உள்ள தாய், தேவையானால் குறைக்கவும் செய்கிறாள்.

இந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் எல்லாரும் மதிகெட்டவர்களும் அல்ல. இங்கிலாந்துப் பார்லிமெந்து 1647-ம் வருஷம் கிறிஸ்மஸ், பாஸ்கா, பெந்தெகொஸ்தே திருநாட்களைச் சட்டத்தினால் ஒழித்தது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் நாட்டார் 1659-ல் கிறிஸ்மஸ் கொண்டாடுபவருக்கு ஐந்து ஷில்லிங் அபராதம் விதித்தார்கள். 1681-ல்தான் அதை நீக்கினார்கள். ஸ்கொத்லாந்தில் 1958-ம் வருஷம்வரை அந்த நாள் பொது விடுமுறை அல்ல. வேதத்தை நேசித்தவர்களே இவர்கள். ஆனால் கொண்டாடாதே என்று அபராதம் போடவும் வேதத்தில் வசனம் இல்லையே!

எனக்குப் பிடித்த சரித்திரம் ஒன்றுண்டு. அருளப்பரை நேரில் அறிந்த அர்ச். பொலிக்கார்ப்பு ஸ்மீர்னா பட்டணத்து மேற்றிராணியார். பாஸ்காவை யூதர் மாதத்தின் 14-ம் நாளில், அது எந்தக் கிழமையில் வந்தாலும், கொண்டாடுவது அவர் நாட்டு வழக்கம். ரோமாபுரியிலோ ஞாயிறன்றுதான். ஏறக்குறைய 155-ம் வருஷம் வயோதிகராயிருந்த பொலிக்கார்ப்பு ரோமாபுரிக்குப் போய் அனிசேத்து பாப்பானவரோடு பேசினார். இவரும் இணங்கவில்லை, அவரும் இணங்கவில்லை. பிறகு என்ன நடந்தது? அனிசேத்து தம்முடைய கோவிலில், தம் இடத்தில், பொலிக்கார்ப்பு திவ்விய பலி நிறைவேற்றும்படி மரியாதை கொடுத்தார். சமாதானமாய்ப் பிரிந்தார்கள். ஏறக்குறைய 190-ம் வருஷம் விக்தோர் பாப்பானவர் ஆசியாச் சபைகளை இதற்காகவே விலக்க முற்பட்டபோது, லியோன் நகர அர்ச். இரேனேயு இந்த இரண்டு பெரியவர்களையும் ஞாபகப்படுத்தி, வேண்டாம் என்று எழுதினார். தேதியைப் பற்றி ஒத்துப்போகாதவர்கள் ஒரே பீடத்தில் நின்றார்கள். திண்ணையில் இதைச் சொல்லும்போது தாய்க்கும் மகனுக்கும் சேர்த்தே சொன்னேன்.

இத்தனையும் பேசி முடித்தபோது, நான் ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். பிள்ளை சற்றுநேரம் பேசாதிருந்தான். பிறகு, "அதெல்லாம் சரி, சாமி. போன வருஷம் நடுச்சாமப் பூசையில் நீங்கள் எழுந்தேற்றம் செய்தபோது வெளியே வெடி வெடித்தது யார்? எங்கள் சித்தப்பா வட்டிக்குக் கடன் வாங்கி எல்லாருக்கும் துணி எடுத்தார். இரவு குடித்துவிட்டு வந்து சித்தியை அடித்தார். அதுவும் சேசுநாதர் பிறந்த நாளா?" என்றான்.

இதற்கு என் புத்தகங்களில் மறுமொழி இல்லை. பிரசுரத்தில் இல்லாத கேள்வி இது. இதுதான் அவனை உறுத்தியிருக்கிறது. பிரசுரம் பிறகு வந்தது.

மனிதர் கற்பனைகளைப் போதிக்கிறார்கள் என்று மத்தேயு 15-ம் அதிகாரத்தில் ஆண்டவர் பரிசேயரைக் கண்டித்ததைப் பிரசுரம் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறது. ஆனால் எந்தக் கற்பனையைக் கண்டித்தார் என்று போடவில்லை. தாய் தகப்பனுக்குக் கொடுக்க வேண்டியதைக் காணிக்கை என்று சொல்லி, அவர்களைக் கைவிட்ட பக்தியைக் கண்டித்தார். பக்தியின் பெயரால் வீட்டில் உள்ளவர்களை நோகச் செய்வதே அங்கே குற்றம். அந்த வசனம் பிள்ளையைச் சற்றுத் தொடும். குடித்து வந்த சித்தப்பாவை அதிகமாய்த் தொடும். கேரல் வசூலில் மிஞ்சியதைக் கணக்குக் காட்டாமல் விருந்து வைத்தவர்களையும், அதைத் தெரிந்தும் கேட்காதிருந்த என்னையும் தொடும். உங்கள் திருநாட்களை வெறுக்கிறேன் என்ற பொருளில் சர்வேசுரன் ஆமோஸ், இசையாஸ் தீர்க்கதரிசிகளின் வாயினால் பேசியதும் யாருடைய திருநாட்களை? அந்நிய தேவர்களுடையதை அல்ல. அவரே மோயீசன் வழியாகக் கட்டளையிட்ட திருநாட்களைத்தான்! நீதியில்லாத கைகளால் கொண்டாடினால், வேதத்தில் எழுதப்பட்ட திருநாளும் வேதத்திற்கு அடாது. எழுதப்பட்டிருக்கிறதா என்பதை விசாரித்த அளவுக்கு இதை நாம் விசாரித்தோமா?

ஆகையால் இந்த வருஷம் சில ஏற்பாடுகள். கேரல் வசூல் கணக்கு, ரசீதுகளோடு, 23-ந் தேதி கோவில் பலகையில் ஒட்டப்படும். மிஞ்சும் பணம் எஸ்தேர் ஆகமத்தில் உள்ளபடி ஏழைகளுக்குப் போகும். யாருக்கு என்பதைப் பங்குப் பேரவையார் மூவர் தீர்மானிப்பார்கள், பெயர் வெளியிடப்படாது. நடுச்சாமப் பூசை முடியும்வரை கோவில் வளாகத்தில் வெடி கூடாது. அன்றிரவு வாசிக்கப்படுவது இசையாஸ் 9-ம் அதிகாரம், தீத்துவுக்கு எழுதிய நிருபம் 2-ம் அதிகாரம், லூக்காஸ் 2-ம் அதிகாரம். பாட்டுக்காரர்களே, வாசகம் நடக்கும்போது சுருதி பார்க்கவேண்டாம். அந்தத் திருநாளில் வேதம் எங்கே என்று கேட்டு வருகிறவன் ஒருவேளை கடைசி வரிசையில் நின்றுகொண்டிருப்பான். துணிக்குக் கடன் வாங்க எண்ணியிருக்கும் குடும்பத் தலைவர்களே, பழைய துணியோடு வாருங்கள். நானும் பழைய அங்கியோடுதான் நிற்பேன். குடித்துவிட்டு மனைவியை அடிப்பவன் அன்றிரவு நன்மை வாங்க வருமுன் என்னிடம் வரட்டும்.

போன வெள்ளிக்கிழமை அந்தப் பிள்ளை பங்கு வீட்டுக்கு வந்தான். அவன் கையிலிருந்த வேதாகமத்தில் மக்கபேயர் ஆகமம் இல்லையாம். நான் சொன்ன வசனத்தைத் தேடிப் பார்த்து ஏமாந்திருக்கிறான். என்னுடைய வேதாகமத்தைக் கொடுத்தேன். நடுச்சாமப் பூசைக்கு வருகிறாயா என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. இதை எழுதும் இன்றுவரை புத்தகம் திரும்பி வரவில்லை.

24-ந் தேதி மாலை 4 மணி முதல் 8 மணிவரை பாவசங்கீர்த்தனத் தொட்டியில் இருப்பேன். பேச வருகிறவர்கள் கேள்விகளோடும் வரலாம்.

கிறிஸ்துவுக்குள் உங்கள் ஊழியன்,
பங்குக் குரு